‘நார்’ என்னும் எதிர்மறை இணைப்பு

முட்டுக்காட்டுக் கழிமுகத்தைக் கண்டவர், இது கடலுமன்று, ஆறுமன்று என்று எளிதாகச் சொல்லிவிடுவர். ஆங்கிலத்தில் இதனைச் சொல்ல ‘நைதர்’, ‘நார்’ என்னும் இரு சொற்கள் வேண்டும். (பூத்தொடுக்கும் நாருக்கும் இதற்கும் உறவில்லை!) முன்னது மறுப்பைத் தொடங்கி வைக்கிறது, பின்னது அதே மறுப்பை அடுத்த பொருளுக்கும் கொண்டு செல்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘நெ’ என்ற சிறுசொல்லே இப்பணியைச் செய்தது. ‘நார்’ இடைக்காலத்தில், நீண்டதொரு சொல் தேய்ந்து பிறந்தது. அக்காலத்தில் மறுப்பின்மேல் மறுப்பை அடுக்கினால் பொருள் வலுப்பெற்றது. 1760-களில் இராபர்ட் லவுத் என்னும் ஆங்கிலிக்கன் அறிஞர், இரு மறுப்புகள் ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகும் என்று இலக்கணம் வகுத்தார். அவர் பின்னாளில் இலண்டன் ஆயரானவர்.

தமிழில் இதற்குத் தனி இணைப்புச்சொல் இல்லையெனினும் குறையொன்றுமில்லை. தொல்காப்பியம் உம்மைக்குக் கூறும் எட்டுப் பொருள்களுள் தெரிநிலை என்பதும் ஒன்று. இதுவுமன்று, அதுவுமன்று என விலக்கிப் பொருளைத் தெளிவிப்பது அது. இன்னொரு வியப்பு: ‘நார்’ என்பதற்கு நாம் தவறாக இடும் ‘அல்லது’ என்ற சொல்லே ‘அல்’ என்னும் மறுப்பிலிருந்து பிறந்ததுதான்.

இது வெறும் இலக்கணச் சண்டையன்று. அத்தனாசியார் பெயரால் வழங்கும் இலத்தீன் விசுவாச அறிக்கை, மூவொரு இறைவனைப் பற்றிய இரு தவறுகளை ‘நெக்வே’ என்னும் சொல்லால் தனித்தனியே விலக்குகிறது. ஆள்களைக் கலத்தலும் ஆகாது, இறைப்பொருளைப் பிரித்தலும் ஆகாது என்பது அதன் கருத்து. இதனை வினையெச்சத்தால் இணைத்து, ‘கலந்து பிரித்தல் ஆகாது’ என்று பெயர்த்தால், இரண்டையும் சேர்த்துச் செய்வதே பிழையென்றாகிவிடும். அப்போது கலந்த சபெல்லியுசும் தப்புவார், பிரித்த ஆரியுசும் தப்புவார்.

உரோமையர் திருமுகம் எட்டாம் அதிகாரத்தின் இறுதியில், கடவுளின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்க இயலாதவற்றைத் திருத்தூதர் பவுல் அடுக்குகிறார். கிரேக்க மூலத்தில் ‘ஊதே’ என்னும் மறுப்பிணைப்பு பத்து முறை வருகிறது. சாவு என்னும் முதற்சொல்லுக்கு முன்பே மறுப்பு ஒலித்துவிடுகிறது. தமிழின் இயல்பு வேறு. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ஓகாரத்தை அடுக்கிச் சென்று, மறுப்பை வினையில் வைக்கிறது. ஆகவே திருப்பலியில் இப்பகுதியை வாசிப்போர் நீண்ட பட்டியலிலேயே மூச்சைச் செலவழித்துவிடாமல், அந்த ஒற்றை வினைக்கும் சிறிது மிச்சம் வைத்தல் நலம். அச்சொல் காதில் விழாவிட்டால், பவுல் எதை மறுத்தாரோ அதையே கூறியதாகச் சபை கேட்க நேரும்.