கத்தாங்கண்ணிக்கு வந்த சக்கரவர்த்தி

பையரைப் பார்க்க இத்தாலி போகும் திருப்பூர்க்காரர்கள், வேலை முடிந்ததும் நாலு நண்பர்களாகச் சேர்ந்து ஊர் சுற்றாமல் திரும்புவார்களா என்ன? நேபிள்ஸ் பக்கம் போனால் காப்ரி தீவுக்குப் படகு இருக்கிறது. ஒரு ரவுண்டு சுற்றிக் காட்டுவார்கள். கடலுக்குள் நெட்டுக்குத்தாக நிற்கும் ஃபராக்லியோனி பாறைகள், படகில் மல்லாந்து படுத்தால்தான் நுழைய முடிகிற நீலக் குகை என்று எல்லாம் பார்ப்பீர்கள்.

கிழக்கு முனையில் ஒரு செங்குத்துப் பாறை. கடலிலிருந்து 300 மீட்டருக்குக் குறையாது. உச்சியில் இடிந்த மாளிகை, வில்லா ஜோவிஸ். ரோமச் சக்கரவர்த்தி டைபீரியஸ் வாழ்ந்த இடம். பிடிக்காதவர்களை இங்கிருந்துதான் கடலில் தள்ளிவிட்டார் என்று கதை சொல்வார்கள். பாதிக்கு மேல் வம்பு என்பது என் அபிப்பிராயம். ஆனால், கி.பி. 27-லிருந்து 37-ல் சாகும்வரை ரோம் நகருக்குள் கால் வைக்காமல், இந்தத் தீவிலிருந்து கடிதம் எழுதியே மனுஷன் ராஜ்ஜியத்தை நடத்தினார் என்பது நிஜம்.

போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இந்த ஆசாமி நம் ஊருக்குப் புதியவர் இல்லை.

1842-ல் கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் ஒரு புதையல். 500க்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள். 1913-ல் திருப்பூரை ஒட்டிய கத்தாங்கண்ணியில் இன்னொன்று, 233 காசுகள். இரண்டிலும் பெரும்பாலானவற்றில் இருப்பது டைபீரியஸ் முகம்தான்!

எதற்காக வந்தது இத்தனை வெள்ளி? கல்லுக்காக. பச்சையும் நீலமும் கலந்த பெரில் கல். கடல் நீரின் பச்சை கொண்ட பெரில்தான் உசத்தி, அது இந்தியாவிலிருந்து வருகிறது என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். ரோமப் பெண்களுக்கு அதன்மேல் அப்படியொரு மோகம். தீவுக்குப் போவதற்கு ஐந்து வருஷம் முன்பு, கி.பி. 22-ல், நம் பணமெல்லாம் கற்களுக்காக அந்நியரிடம் போய்ச் சேருகிறதே என்று செனட்டுக்கு எழுதிய கடிதத்தில் டைபீரியஸ் புலம்பினார். பி.காம்.மில் நாங்கள் 'வர்த்தகப் பற்றாக்குறை' என்று பக்கம் பக்கமாகப் படித்தது இதைத்தான். புலம்பியவர் தடைச்சட்டம் மட்டும் போடவில்லை. போட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் கல் எங்கே கிடைத்தது? திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் வழியில் இருக்கிறதே படியூர், அங்கே. 1819-20-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டி 2,196 கற்கள் எடுத்தார். மதிப்பு 1,200 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. அப்புறம் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து, கைவிட்டுவிட்டார்கள். ரோமுக்குப் போனது படியூர்க் கல்தான் என்று யாரும் பில் போட்டு வைக்கவில்லை. ஆனால், நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது, அறுத்தும் தேய்த்தும் பாதியில் விட்ட பெரில் துண்டுகள் கிடைத்தன. பட்டறையே அங்கேதான் இருந்திருக்கிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய், அதைத் தாண்டினால் முசிறி, அங்கிருந்து கப்பல்.

1970களின் கடைசியில் திருப்பூருக்கு வெள்ளை டி-ஷர்ட் கேட்டு முதலில் வந்தவரும் ஓர் இத்தாலிக்காரர்தான். அவர்களுக்கு இந்த வழி பழசு. நம்மவர்களோ பாஸ்போர்ட், விசா எல்லாம் எடுத்து காப்ரிக்குப் போகிறார்கள். படியூருக்கு டவுன் பஸ்ஸிலேயே போகலாம்.