மணிலாவில் இருந்து வந்தது, மார்சேய்க்குப் போனது

போன வாரம் சென்னையில் இருந்து தங்கச்சி மகன் வந்திருந்தான். வீட்டுக்காரி ஒரு முறம் மல்லாட்டை வறுத்து வைத்தாள். தின்றுகொண்டே, "மாமா, நாங்க வேர்க்கடலைன்னு சொல்றோம், நீங்க மட்டும் ஏன் மல்லாட்டைங்கிறீங்க?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரம்மதேசம் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருப்பது. எண்ணாயிரம் பக்கத்தில் சோழர் கோயில் இருக்கிற பிரம்மதேசம் வேறு. கோயில் பார்க்கக் கிளம்பி இங்கே வந்து இறங்கியவர்கள் உண்டு. எங்களிடம் இருப்பது செம்மண் கொல்லையும் கிழக்கே போனால் உப்பளமும்தான்.

மல்லாட்டை நம்ம ஊர்ப் பயிரே இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்தது. ஸ்பெயின்காரன் கப்பலில் பசிபிக் கடலைத் தாண்டி பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனான். அங்கே மணிலா என்கிற துறைமுகப் பேரோடு ஒட்டிக்கொண்டு நம் பக்கம் மணிலாக்கொட்டை ஆயிற்று. நம்ம வாயில் அது மல்லாக்கொட்டை ஆகி, கடைசியில் மல்லாட்டை. இன்றைக்கும் கமிட்டியில் விலைப் பலகையில் 'மணிலா' என்றுதான் எழுதுவார்கள். ஒரு இறக்குமதியை இத்தனை தலைமுறையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம், யாருக்கும் தெரியாது.

வந்த பயிரை வெளிநாட்டுக்கே திருப்பி அனுப்பியதுதான் எங்கள் தென்னாற்காட்டின் பெரிய கதை. பிரான்சில் மார்சேய் என்று ஒரு துறைமுகம். அங்கே எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும் நிறைய. அவர்களுக்கு மல்லாட்டை இரண்டு பக்கத்தில் இருந்து போனது. ஒன்று ஆப்பிரிக்காவில் செனகல், இன்னொன்று நம்ம பாண்டிச்சேரி. இரண்டும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த இடங்கள். 1879இல் விழுப்புரத்தில் இருந்து பாண்டிச்சேரிக்கு ரயில் போட்டார்கள். அதற்குப் பிறகு சுற்றுவட்டார மானாவாரிக் கொல்லையெல்லாம் மல்லாட்டை ஆனது. கம்பும் வரகும் வீட்டுக்கு, மல்லாட்டை காசுக்கு.

பாண்டிச்சேரியில் கப்பல் கரைக்கு வந்து நிற்கிற துறைமுகம் கிடையாது. 1866இல் கட்டிய இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டிருக்கும். மூட்டையை அதன் வழியாகப் படகில் இறக்கி, தூரத்தில் நிற்கிற கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பாலம் 1952 புயலில் போய்விட்டது. இப்போது கடற்கரைக்குப் போகிறவர்கள் தண்ணீரில் நிற்கிற கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். படம் எடுத்து போடுகிறீர்களே, அந்தக் கம்பங்கள்தான். எங்கள் தாத்தன் காலத்து மூட்டையெல்லாம் அந்த வழிதான் போனது.

இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற விஷயம் ஒன்று உண்டு. செனகல்காரர்கள் மல்லாட்டையைத் தோலோடு அனுப்பினார்கள். தோலோடு என்றால் கப்பலில் இடம் அதிகம் பிடிக்கும். இந்தியாவில் இருந்து போக தூரமும் அதிகம், வாடகையும் அதிகம். அதனால் நம்ம ஆட்கள் உடைத்துப் பருப்பாக அனுப்பினார்கள். உடைக்க அப்போது மெஷின் இல்லை. கையால் உடைக்க மாளாது. ஆகவே காயைத் தண்ணீர் தெளித்து நனைத்து, தோல் மெத்தென்று ஆனதும் கழியால் அடிப்பார்கள். வேலை சுலபம், பருப்பு எடையும் கூடும். ஆனால் ஈரப் பருப்பு மூட்டைக்குள் கப்பலில் வாரக்கணக்காகக் கிடந்தால் என்ன ஆகும்? புழுங்கிக் காறிப்போகும். மார்சேயில் செனகல் காய்க்குச் சாப்பாட்டு எண்ணெய் விலை, நம்ம பருப்புக்கு சோப்பு எண்ணெய் விலை. நனைத்தவனுக்கு எடையில் லாபம். மொத்த ஜில்லாவுக்கும் பேரில் நஷ்டம்.

1890களில் விளைச்சலும் விழுந்தது. ஒரே விதையைத் திருப்பித் திருப்பிப் போட்டதில் பயிர் நலிந்து, நோயும் சேர்ந்து, பரப்பு பாதிக்கும் கீழே போயிற்று. பிறகு செனகல், மொசாம்பிக் விதைகளைக் கொண்டுவந்து போட்டதில்தான் நிமிர்ந்தது. ஏற்றுமதி நிற்காமல் இருக்க விதையை இறக்குமதி பண்ண வேண்டியிருந்தது, பாருங்கள். 1905இல் பண்ருட்டி பக்கத்தில் பாலூரில் அரசாங்கப் பண்ணை வந்தது. அப்புறம் திண்டிவனத்திலேயே எண்ணெய்வித்து ஆராய்ச்சிப் பண்ணை. அங்கே இருந்து 1940இல் வந்த டி.எம்.வி. 2 ரகம் இந்தியா பூராவும் போயிற்று. டி.எம்.வி. என்றால் திண்டிவனம். ஆந்திராக்காரருக்கும் கர்நாடகக்காரருக்கும் எங்கள் ஊர்ப் பேர் அந்த மூன்று எழுத்தாகத்தான் தெரியும்.

ஒரே வாடிக்கையை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் இந்தப் பயிர் காட்டியது. 1914இல் சண்டை வந்ததும் கப்பல் நின்றது. செப்டம்பர் 22ஆம் தேதி எம்டன் மெட்ராஸில் குண்டு போட்டதை எல்லாரும் சொல்வார்கள். மல்லாட்டை விலை விழுந்ததை யாரும் சொல்வதில்லை. 1930இல் உலகம் முழுக்க மந்தம் வந்தபோது திரும்பவும் விலை சரிந்தது. விதைக்கு வாங்கின கடனைக்கூட அடைக்க முடியவில்லை என்று தாத்தா சொல்லுவார். வண்டி கட்டி ராத்திரியெல்லாம் போய், விலை கேட்டுவிட்டு, விற்க மனசு வராமல் திரும்பி ஓட்டிவந்த கதை அவருடையது. 1940 ஜூனில் பிரான்ஸே ஜெர்மனியிடம் விழுந்தது. புது ரகம் வந்த அதே வருஷம் பழைய வாடிக்கை போச்சு.

அதற்குப் பிறகு நம்ம நாட்டிலேயே வயிறுகள் பெருகின. வனஸ்பதி ஆலைகள் வந்தன, 1937இல் வந்த டால்டா உங்களுக்குத் தெரியும். எண்ணெய்வித்து விற்ற நாடு 1970களில் எண்ணெய் வாங்குகிற நாடாக மாறிவிட்டது. 1986இல் எண்ணெய்வித்துக்கு என்று ஒரு தேசிய இயக்கம் ஆரம்பித்தார்கள். நல்ல விதை, நல்ல விலை என்று முடுக்கியதில் 1990களின் தொடக்கத்தில் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நாமே விளைவித்தோம். அப்போது எனக்கு இருபது வயசுதான். அப்பா மூன்று காணியும் மல்லாட்டை போட்டார். ஆய வருகிற பெண்களுக்கு மரக்காலில் அளந்து கூலி. தெருவே மல்லாட்டை வாசனை.

1994இல் பாமாயிலை யார் வேண்டுமானாலும் இறக்கலாம் என்று திறந்தார்கள். வரி அப்போது 65 சதவீதம். 1998இல் அது 15 சதவீதம். நாலு வருஷம்தான். ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப் பனையில் நாலு டன் போல எண்ணெய் கிடைக்கும், மல்லாட்டையில் ஒரு டன்னை எட்டுவதே கஷ்டம். வேலி இல்லாமல் அதோடு எப்படி மோதுவது? இன்றைக்கு இந்தியா வருஷத்துக்குச் சுமார் 160 லட்சம் டன் சமையல் எண்ணெய் வாங்குகிறது. சாப்பிடுவதில் பாதிக்கு மேல் வெளியில் இருந்து. பாமாயில் இந்தோனேஷியா, மலேசியாவில் இருந்து, சோயா அர்ஜென்டினா, பிரேசிலில் இருந்து, சூரியகாந்தி ரஷ்யா, உக்ரைனில் இருந்து. 2022இல் உக்ரைன் சண்டை நடக்கும்போதே, ஏப்ரல் கடைசியில் இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மூன்று வாரம் போலத்தான். அதற்குள் நீங்கள் கடையில் என்ன விலை கொடுத்தீர்கள் என்று ஞாபகம் இருக்கும். 1914இல் வாங்குகிறவன் இல்லாமல் நாங்கள் நின்றோம். 2022இல் விற்கிறவன் இல்லாமல் நீங்கள் நின்றீர்கள்.

பாமாயிலைத் திட்டிவிட்டுப் போக எனக்கு வாய் வராது. ரேஷனில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் எங்கள் வீட்டுக்கும் வருகிறது. பஜ்ஜி சுடுவது அதில்தான். மல்லாட்டை எண்ணெய் நாங்களே விளைவித்தாலும் செக்கில் ஆட்டிவந்து அளந்துதான் ஊற்றுகிறோம். எனக்குள்ள குறை வரி ஏறி இறங்குவதுதான். 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்க்கு மொத்த வரியை 5.5இல் இருந்து 27.5 சதவீதம் ஆக்கினார்கள். 2025 மே கடைசியில் 16.5க்கு இறக்கினார்கள். விதை போட்டு காய் பறிக்க 105 நாள் ஆகிற பயிர் இது. டெல்லியில் ஒரு ராத்திரியில் மாறுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. மல்லாட்டை விளைச்சலில் சீனாவுக்கு அடுத்து நாம்தான். இன்றும் வருஷத்துக்கு ஆறு ஏழு லட்சம் டன் ஏற்றுமதி ஆகிறது, பெரும்பாலும் குஜராத் சரக்கு. யார் வாங்குகிறார்கள்? இந்தோனேஷியா, வியட்நாம், மலேசியா, பிலிப்பைன்ஸ். பாமாயில் கொடுக்கிறவனே நம்ம பருப்பை வாங்குகிறான். மணிலாக்காரனுக்கு நாம் மணிலாக்கொட்டை விற்கிறோம்!

ஆனால் வாங்குகிறவர்கள் இப்போது அஃப்ளாடாக்சின் பார்க்கிறார்கள். ஈரத்தில் பிடிக்கிற பூஞ்சையின் விஷம் அது. ஐரோப்பாவில் நேராகச் சாப்பிடுகிற பருப்பு என்றால் நூறு கோடியில் நாலு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று வருஷம் முன்னால் ஒரு வியாபாரி என் களத்துக்கு வந்து, "லேசா தண்ணி தெளிச்சுக்கோ, உடையாம முழுப் பருப்பா வரும்" என்று சொன்னார். நான் தெளிக்கவில்லை. காய வைத்துக் கொடுத்தேன். எடை குறைந்தது. தெளித்தவனுக்கும் எனக்கும் ஒரே விலைதான் போட்டார்.

சுற்றிலும் இப்போது தர்பூசணியும் சவுக்கும்தான். மல்லாட்டைக்கு ஆள் கிடைப்பதில்லை, பன்றி வேறு. ஏக்கருக்கு ஐம்பது கிலோ பருப்பு விதைக்கே போய்விடும். மகன் சவுக்கு நட்டுவிடலாம் என்கிறான், மூன்று வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று. நான் இன்னும் சரி சொல்லவில்லை. இந்த மார்கழிப் பட்டத்துக்கு ஒரு காணி மட்டும் போடலாம் என்று போன வருஷத்துக் காயில் இரண்டு மூட்டை எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று ஒரு பிடி உடைத்துப் பார்த்தேன். பருப்பு ரோஸ் நிறத்தில் நன்றாக இருக்கிறது, ஈரம் இல்லை.