சக்கரமும் புத்தனும்

கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி என்ற ஊர் இருக்கும் சித்தூர் வட்டம் அன்று கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கையில் புரண்டது சங்கு பொறித்த ‘புத்தன்’ என்ற வெள்ளி நாணயம். தேவிகுளம், பீர்மேடு மலைகளோ திருவிதாங்கூர். அங்கே 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் வேண்டுமென்றால் இருபத்தெட்டரைச் சக்கரம்! அந்த அரைச் சக்கரம் எத்தனை சில்லறைச் சண்டைகளை மூட்டியிருக்குமோ.

வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூட எடை இல்லாத பொடி. விரலால் எண்ணி மாளாது. அதற்கென்றே சக்கரப் பலகை இருந்தது: வரிசையாகக் குழி தோண்டிய மரப்பலகை. ஒரு பிடி நாணயத்தைக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தை வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. கருவூலத்துக்கு இதைவிட எளிய கருவி கிடைத்திருக்காது.

திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தில் சக்கரம் வெண்கலத்துக்கு மாறியது. ஒருபுறம் மன்னர் முகம், மறுபுறம் சங்கு. கையாள வசதிதான், ஆனால் பழைய பொடியின் அழகு இதில் இல்லை.

1949 ஜூலை 1-இல் இரு சமஸ்தானங்களும் இணைந்தன. 1957 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானது.