கானா மேடையில் கிதார்: தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், வடசென்னைக் கானாவை ராப், ராக் இசைகளோடு ஒரே மேடையில் நிறுத்திய சென்னை இசைக்குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017-இல் இதை உருவாக்கின. 'ஒரு பைசாத் தமிழன்' இதழை 1907-இல் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயர் வந்தது.

குழுவின் வேர் கானா. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலையொட்டி நீளும் பகுதியிலும், உள்ளே வியாசர்பாடி, புளியந்தோப்பிலும் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்ந்த உழைக்கும் மக்களின் பாட்டு அது. பெரும்பாலும் தலித் குடியிருப்புகளில் வளர்ந்தது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவார்கள். பதினாறாம் நாள் படத்திறப்பிலும் பாடுவார்கள். இறந்தவரின் பெயர், தொழில், நட்பு எல்லாம் அந்த இடத்திலேயே வரிகளாகிவிடும். தோலக், டேப், சட்டி, கட்டமோளம் ஆகிய தாளக் கருவிகள் போதும். நோட்டுப் புத்தகத்தைத் தாண்டி எழுத்தில் ஏறாத இந்தப் பாட்டுக்கு நகரத்தின் சபாக்களில் இடம் இருந்ததில்லை.

சினிமா கானாவை முன்பே எடுத்துக்கொண்டது. 1996-இல் வந்த 'காதல் கோட்டை' படத்தில் இசையமைப்பாளர் தேவா தாமே பாடிய கானா தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. கானா உலகநாதன், கானா பாலா போன்றவர்கள் திரைக்கு வந்து புகழ் பெற்றார்கள். ஆனால் படத்தில் கானா பெரும்பாலும் குத்துப்பாட்டாகவோ கேலியாகவோதான் நுழைந்தது. பாடகர் தம் சொந்தச் சொல்லோடு வர வழி குறைவு. 'அட்டகத்தி' (2012), 'மெட்ராஸ்' (2014) படங்களில் கானா பாலாவைப் பாட வைத்த இரஞ்சித், சினிமாவுக்கு வெளியிலும் ஒரு மேடை வேண்டும் என்று முனைந்ததன் விளைவே இந்தக் குழு.

டென்மா 'குரங்கன்' என்ற தமிழ் ராக் குழுவிலிருந்து வந்தவர். அவர் சேர்த்த 19 பேரில் முத்து, பாலச்சந்தர், இசைவாணி, செல்லமுத்து ஆகியோர் பாடினார்கள். அறிவு ராப் எழுதிப் பாடினார். தரணி தோலக், சரத் சட்டி, கௌதம் கட்டமோளம், நந்தன் பறையும் தவிலும் வாசித்தார்கள். இவர்களோடு டிரம்ஸில் மனு கிருஷ்ணனும் கிதாரில் சாஹிப் சிங்கும் நின்றார்கள். கானா பிறந்த தெருக்களுக்கு வெளியே இசை கற்றவர்கள் கானாக்காரர்களின் குழுவுக்குள் வந்து வாசித்ததுதான் இங்கே புதியது. உறுப்பினர் ஒவ்வொருவரின் பிறப்பையும் கேட்டுக் கணக்கெடுப்பது இந்தக் குழுவின் பெயருக்கே எதிரானது என்பதால் இக்கட்டுரை அதைச் செய்யவில்லை.

இப்படி வெளியார் சேர்ந்து வாசிப்பதற்கு அமெரிக்காவிலும் ஓர் உறவு உண்டு. நிறவெறி கோலோச்சிய மெம்பிஸ் நகரில் ஸ்டாக்ஸ் என்ற சோல் இசை நிறுவனம் இயங்கியது. கறுப்பினத்தவரான புக்கர் டி. ஜோன்ஸ், அல் ஜாக்சன் ஆகியோருடன் வெள்ளையரான ஸ்டீவ் கிராப்பர் கிதாரும் டக் டன் பேஸும் வாசித்தார்கள். இரு நிறத்தாரும் சேர்ந்து உட்காரக்கூடிய லொரைன் மோட்டலில் கிராப்பரும் பாடகர் எடி ஃபிளாய்டும் பாட்டு எழுதினார்கள். அதே மோட்டலில்தான் 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பெரி கோர்டி 1959-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய மோட்டவுன் நிறுவனம், வெள்ளைப் பாடகி டீனா மேரியின் முதல் ஆல்பத்தை 1979-இல் அவர் படம் இல்லாத உறையோடு வெளியிட்டது; கேட்டவர்கள் பலர் அவரைக் கறுப்பினப் பெண் என்றே நினைத்தார்கள். நிறமும் சாதியும் ஒன்றல்ல. ஆனாலும் ஒடுக்கப்பட்டவர்களின் இசைக்குள் வெளியார் வரும்போது யார் சொல் முன்னே நிற்கிறது, யார் பெயர் அச்சேறுகிறது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தந்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் நடந்த முதல் நிகழ்ச்சியில் எல்லோரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டில் வந்தார்கள். இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, அம்பேத்கர் என்று பாடகர்களின் சொல்லே முன்னே நின்றது. கிதார் அதற்குத் துணை நின்றது. ராயபுரத்து இசைவாணி ஆண்கள் கோலோச்சிய கானாவில் பெண்குரலாக நிமிர்ந்தார். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நீலம், சபாக்களின் இசைப் பருவத்திலேயே 'மார்கழியில் மக்களிசை' விழாவையும் தொடங்கியது.

குழுவுக்கு வெளியே இந்த நேர்மை எப்போதும் கிடைக்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளிலிருந்து அறிவு எழுதி, பாடகி தீயோடு பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் உள்ளிட்டோர் வெளிப்படையாகக் கண்டித்த பிறகே அறிவுக்குத் தனி மின்னட்டை வந்தது. 2022-இல் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமலே மேடையேறியது. 2024-இல் அந்தப் பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் அதனால் தமக்கு வருமானமே வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

வெளியார் வந்து வாசித்ததால் கானா தேய்ந்துவிடவில்லை; எழுதியவரை ஓரங்கட்டும்போதுதான் பாட்டு பறிபோகிறது. பாட்டை வெளியிடும் ஒவ்வொரு நிறுவனமும் எழுதியவர், பாடியவர் பெயர்களோடு சட்டியும் கட்டமோளமும் வாசித்தவர்களின் பெயர்களையும் அச்சிட வேண்டும். உரிய பங்கையும் கொடுக்க வேண்டும்.