ஒரே மடிக்கணினி, இரண்டு கணக்கு

2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ், டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது. இரண்டு இயங்குதளத்துக்கும் ஸ்பீக்கரும் சவுண்ட் சிப்பும் ஒன்றுதான். ஆனாலும் ‘ரீஸ்டார்ட் பண்ணா சவுண்டு பழையபடி ஆயிடுது’ என்ற புகார் இரண்டிலும் வரும். காரணம் வேறு வேறு.

எடப்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள், அது விசைத்தறி ஊர். பக்கத்தில் தறி ஓடும் வீட்டில் ஒலியை உச்சத்தில் வைத்தால்தான் பாட வீடியோ காதில் விழும். அந்த அளவு தினமும் கலைந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

லினக்ஸில் ஒலிக்குப் பொறுப்பு ஆல்சா. ஒலி அளவுகளை ‘அசவுண்ட்.ஸ்டேட்’ என்ற கோப்பில் எழுதி வைத்து, பூட் ஆகும்போது படித்துக்கொள்ளும். எழுதுவது எப்போது என்பதில்தான் சிக்கல்: முறையாக ஷட்டவுன் ஆகும்போது. தமிழகத்தில் 2012இன் நீண்ட மின்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள். பேட்டரி செத்த மடிக்கணினி கரண்ட் போன நொடியே அணையும், எழுத நேரமேது? அடுத்த முறை பழைய அளவுதான் வரும். ஆல்சாமிக்சரில் அளவைச் சரிசெய்து, டெர்மினலில் சூடோவுடன் ‘ஆல்சாசிடிஎல் ஸ்டோர்’ கட்டளை கொடுத்தால் அப்போதே பதிவாகிவிடும். ஆல்சாவுக்கு மேலே பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவை இருந்தால் அது ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கும். லாகின் ஆனதும் ஆல்சா மீட்டதை மாற்றிவிடும். அங்கேயும் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் அளவுகளை ரெஜிஸ்ட்ரியில் ஷட்டவுன் வரை காத்திராமல் எழுதிவிடும். மின்வெட்டு அதை அவ்வளவாகப் பாதிக்காது. அதன் கோளாறு ஒலிக்கருவியை அடையாளம் காண்பதில் இருக்கிறது. யுஎஸ்பி ஹெட்செட்டை வேறு போர்ட்டில் செருகினால் பல நேரம் புதுக் கருவியாகவே பதியும். அப்டேட்டில் ரியல்டெக் ஒலி டிரைவர் மாறினாலும் அப்படி நேரலாம். பழைய அளவு எங்கும் போகவில்லை, பழைய பெயரில் கிடக்கிறது. அதே போர்ட்டையே பயன்படுத்துங்கள்; வேண்டாத ஒலிக்கருவிகளை முடக்குங்கள்; அப்டேட்டுக்குப் பிறகு கெட்டால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ உண்டு.

என் கணிப்பில் லினக்ஸ் கோளாறைப் பிடிப்பது சுலபம்: அசவுண்ட்.ஸ்டேட் கோப்பின் தேதியைப் பார்த்தாலே கடைசியாக எப்போது சேமித்தது என்று தெரியும். விண்டோஸில் ஊகித்து ஊகித்துத்தான் போக வேண்டும்.

இரண்டும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். விண்டோஸிலிருந்து நேரே ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வந்தால், சிப் விண்டோஸ் விட்ட நிலையிலேயே இருந்து சத்தமே வராமல் போகலாம். விண்டோஸ் 8 முதல் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பை அணைத்துவிட்டு, முழுதாக ஷட்டவுன் செய்து, பிறகு லினக்ஸைத் திறந்து பாருங்கள்.