கட்டளைவரியில் சேவையகத் தொலைமேலாண்மை உரிமம் நிறுவல்

சேவையகத்தின் மேலாண்மைக் கட்டுப்படுத்தியில், உலாவியைத் திறக்காமல், கட்டளை வழியே உரிமத்தைப் பதிந்து கட்டண வசதிகளை இயக்கும் முறை. இக்கட்டுப்படுத்தி தாய்ப்பலகையில் தனிச் செயலியுடன் இருப்பது. சேவையகம் அணைந்திருந்தாலும் மின்னிணைப்பு உள்ளவரை இயங்கும். எச்பிஇ நிறுவனத்தின் ஐலோ, டெல்லின் ஐடிராக் ஆகியன பரவலானவை. சேவையகத்தைத் தொலைவிலிருந்து இயக்கல், வெப்பநிலை பார்த்தல் போன்றவற்றுக்கு உரிமம் வேண்டாம். இயங்குதளம் ஏறிய பின்னும் தொடரும் தொலைத்திரை, மெய்நிகர் வட்டு ஆகியவற்றுக்கே பெரும்பாலும் வேண்டும்.

ஐலோ உரிமம் 25 எழுத்துகள் கொண்ட திறவுகோல். அதை எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி, லினக்ஸில் ரூட் பயனராக ‘எச்பிஆன்சிஎஃப்ஜி’ கருவிக்குக் கொடுக்கலாம். எஸ்எஸ்எச் வழி ஐலோவினுள் நுழைந்து ஒரே ‘செட்’ கட்டளையாலும் பதியலாம். பின்னது விரைவானது; ஆனால் நூறு சேவையகங்களுக்குக் கோப்பு முறையே ஏற்றது. திறவுகோல் வெளிப்படையாகக் கிடக்கும் அக்கோப்பை வேலை முடிந்ததும் அழிப்பது நல்லது. ஐடிராக்கில் உரிமமே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. குறிப்பிட்ட சேவையகத்தின் ‘சர்விஸ் டேக்’ எண்ணுடன் பிணைந்தது. ‘ராக்ஆட்எம்’ கருவியின் ‘லைசென்ஸ் இம்போர்ட்’ கட்டளை அதை ஏற்றும். பதிந்த உரிமம் கட்டுப்படுத்தியில் தங்குவதால், இயங்குதளத்தை மீள நிறுவினாலும் அழியாது.

இன்டெல், எச்பி, டெல், என்இசி நிறுவனங்கள் 1998இல் இத்தகைய கட்டுப்படுத்திகளுக்கான ஐபிஎம்ஐ தரத்தை வெளியிட்டன. ஐடிராக்கின் முந்தைய பதிப்பான ஐடிராக்6இன் உயர்நிலை வசதிகளுக்குத் தனி அட்டை பொருத்த வேண்டியிருந்தது. 2012இல் வந்த ஐடிராக்7 அதை உரிமக் கோப்பாக மாற்றியது. 2015இல் வெளியான ரெட்ஃபிஷ் என்னும் மேலாண்மைத் தரத்தின்வழி, ஐலோ திறவுகோலை ஜேசன் வடிவிலும் அனுப்பலாம்.