காலிக் கட்டமும் பூஜ்யமும்: கடல் மீனை எண்ணிய கதை

மதிப்பெண் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே உள்ள கட்டம் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து நீங்கள் பூஜ்யம் வாங்கியதாகச் சொல்ல முடியுமா? ஆசிரியர் இன்னும் தாளைத் திருத்தாமல்கூட இருக்கலாம், இல்லையா? கணினித் துறையில் வேலை செய்யும் எனக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். உலகக் கடல்களில் எவ்வளவு மீன் பிடிக்கிறார்கள் என்ற கணக்கிலும் பல பத்தாண்டுகளாக இதே குழப்பம் இருந்தது.

கடலில் பிடிபடும் மீன் முழுவதையும் ஒரே தராசில் நிறுக்க யாராலும் முடியாது. அதனால் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு ஒவ்வொரு நாட்டிடமும் கணக்குக் கேட்டு வாங்கித் தொகுக்கிறது. அந்தத் தொகுப்பு 1950-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. ஆனால் நாடுகள் தரும் எண்ணே தவறாக இருந்தால்?

முதலில் சீனாவைப் பார்ப்போம். 1999-இல் கடலில் 10 மில்லியன் டன்னுக்கு மேல் பிடித்ததாகச் சீனா சொன்னது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெஜ் வாட்சன், டேனியல் பாலி இருவருக்கும் சந்தேகம் வந்தது. கடலின் ஆழம், அங்கு வளரும் நுண்பாசியின் அளவு போன்றவற்றை வைத்து, அந்தப் பகுதியில் எவ்வளவு மீன் கிடைக்கக்கூடும் என்று கணித்தார்கள். கிடைத்த விடை சுமார் 5.5 மில்லியன் டன்! உற்பத்தி கூடியதாகக் காட்டினால் அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் என்பதால் எண்கள் ஊதிப் பெருத்திருந்தன. 2001-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. சீனாவின் எண்ணைத் திருத்திப் பார்த்தால், கூடிக்கொண்டே போவதாக நினைத்த உலக மீன்பிடிப்பு 1980-களின் இறுதியிலிருந்தே குறைந்து வந்திருந்தது.

இரண்டாவது தவறுதான் காலிக் கட்டம். சிறு படகில் போய் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவர், பவளப்பாறை ஓரத்தில் சிப்பி பொறுக்கும் பெண்கள், பெரிய கப்பல்கள் வேண்டாமென்று கடலில் கொட்டும் மீன். இவற்றைப் பெரும்பாலும் யாரும் நிறுப்பதில்லை. எனவே பல நாடுகள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டன. கூட்டும்போது அது பூஜ்யமாகிவிட்டது.

பாலியும் டிர்க் ஸெல்லரும் பல நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து அந்தக் கட்டங்களை நிரப்ப முயன்றார்கள். எத்தனை படகுகள் இருந்தன, கரையோர மக்கள் எவ்வளவு மீன் சாப்பிட்டார்கள், பழைய அறிக்கைகள் என்ன சொல்கின்றன என்று தேடினார்கள். 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். 1996-ஆம் ஆண்டுக்கான அதிகாரப்பூர்வக் கணக்கு 86 மில்லியன் டன். இவர்கள் மதிப்பீடோ 130 மில்லியன் டன்!

இந்த மதிப்பீட்டை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. ஆனால் தினமும் மீன் சாப்பிடும் கரையோரக் கிராமத்தில் பிடித்தது பூஜ்யம் என்பது மட்டும் நிச்சயம் தவறு.

இதனால் யாருக்கு நட்டம்? ஒரு நாட்டின் கடலில் மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் உரிமம் கேட்கும்போது, பேச்சுவார்த்தை மேசையில் இந்தக் கணக்குகள்தான் இருக்கும். கணக்கில் இல்லாத கிராமத்துக்கு மீன் குறைந்தாலும், அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது.

அடுத்த முறை ஒரு பெரிய எண்ணைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை எண்ணியது யார்? எண்ணாமல் விட்டதை என்ன செய்தார்கள்?